பங்களா போட்டு

என் அக்கா புருஷன் தர்மலிங்கம் ஏமாந்தவர் என்று காரைக்கால்மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலூரில் எவனோ ஒரு பணக்காரன் உளுத்துப்போன சொகுசுப் படகை அவர் தலையில் கட்டிவிட்டான், இவரும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பார்கள். டீக்கடையில் சொல்வார்கள், மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சொல்வார்கள். என் கடைக்குக் கயிறு வாங்க வருகிறவன்கூட என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவான். அது பொய். படகு நல்ல படகு. அது எப்படிக் கெட்டது என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று மச்சான் என் வாயைக் கட்டிவைத்திருக்கிறார். இதை எழுதியது தெரிந்தால் கொஞ்ச நாள் என்னோடு பேசமாட்டார். பேசாவிட்டால் போகட்டும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது.

அவர் ஏன் அந்தப் படகை வாங்கினார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மச்சானும் அவர் தம்பி குணசேகரனும் அவர்கள் அப்பாவின் விசைப்படகில்தான் தொழில் செய்தார்கள். மச்சான் படகை ஓட்டுவார், தம்பி வலையையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வான். மச்சானுக்கு ஒரு குணம். எஞ்சின் சத்தத்தில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தாலும் போதும், பாதி வழியில் படகைக் கரைக்குத் திருப்பிவிடுவார். திறந்து பார்த்தால் ஏதாவது பழுது இருக்கத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற படகுகள் இறாலும் கணவாயுமாக வந்து இறக்கும்போது இந்தப் படகு ஏற்றிய ஐஸைத் தண்ணீராக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் தொழிலில் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. ஆட்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முதலில் போனவன் அறிவுமதி. "எஞ்சின் தும்முனா இவரு வீட்டுக்குப் போயிடுறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் அப்பா இறந்தபிறகு பாகப்பிரிவினை ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்தது. அங்கேதான் குணசேகரன் அதைச் சொன்னான்.

"பெரிய போட்ட எனக்கே விட்ருங்க. அதுக்கு ஈடா பைபர் போட்டும் மனையும் அண்ணன் எடுத்துக்கட்டும். அண்ணன் ஓட்டுற போட்டுல ஆளு ஏற மாட்டேங்குறான். நான் என்னங்க பண்ணுறது?"

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளதைச் சொன்னான். ஆனால் உள்ளதை வீட்டில் சொல்வது வேறு, அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சொல்வது வேறு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மச்சான் எழுந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"எடுத்துக்க. என் போட்டுல ஆளு ஏறும், பாத்துக்கிட்டே இரு. ஆனா உன் போட்டுல நான் ஒரு நாளும் காலு வெக்க மாட்டேன்."

பஞ்சாயத்தில் சொன்ன சொல்லை எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூட மறக்காது. அன்றையிலிருந்து மச்சானுக்கு அந்த ஒரு சொல்தான் வாழ்க்கை. அவர் படகில் ஆட்கள் ஏற வேண்டும், தம்பி படகில் அவர் ஏறக் கூடாது. மீன்பிடிக்க ஆள் வரமாட்டான் என்றால், வேறு எதற்காவது வரட்டும் என்று யோசித்தார். சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டம் சாமி கும்பிட்டு முடித்ததும் காரைக்கால் கடற்கரைக்குத்தான் வந்து நிற்கிறது. அந்தக் கூட்டத்தை அரசலாற்றில் ஏற்றி முகத்துவாரம் வரை ஒரு சுற்று கூட்டிப்போனால்? சனியைத் தொலைக்க வந்தவர்களைத் தன் படகில் ஏற்றப் பார்க்கிறார் என்று நான்கூடக் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொரோனா அடங்கிய வருஷம் கடலூரில் அந்தப் படகு விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார். சென்னைக்காரர் ஒருவர் ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய்க் கட்டிவைத்திருந்த வெளிநாட்டுப் படகு. நானும் கூடப் போனேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே படுக்க இரண்டு மெத்தை, ஒரு குட்டி அடுப்படி, கண்ணாடி ஜன்னல், ஏ.சி., கக்கூஸ் எல்லாம் உண்டு. நான் மெத்தையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் அதில் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கடைசியில் எழுந்து, "சுத்தமா இருக்கு மாப்ள" என்றார். பைபர் படகையும் மனையையும் விற்று அதை வாங்கினார். கரையை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வந்து அரசலாற்றில் கொண்டுவந்து கட்டினார்.

ஊரே திரண்டு வந்து பார்த்தது. "யப்பா, பங்களாவே மெதந்து வருதுடா" என்றான் ஒருவன். அன்றையிலிருந்து அதற்குப் பங்களா போட்டு என்று பெயர். என் அக்கா பூங்கொடி கரையில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கக்கூஸ்ல உள்ள போனா எப்படிங்க திரும்புறது, ரிவர்ஸ்லதான் வரணுமா?" என்று கேட்டாள். மச்சான் அன்றைக்குச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. பின்பக்கம் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயரைச் சுரண்டிவிட்டு 'கனகாம்பாள்' என்று அவர் அம்மா பெயரை எழுதினார். "அம்மா பேர அவரு மட்டும் எப்படி எழுதலாம்?" என்று குணசேகரன் அதற்கும் குதித்தான்.

பயணிகளை ஏற்ற வேண்டுமென்றால் சர்வேயர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது இல்லாமலே ஆள் ஏற்றுகிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். மச்சான் மாட்டேன் என்றுவிட்டார். நம்பி ஏறுகிறவனைக் கைவிடக் கூடாது என்பது அவர் கட்சி. சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவேண்டும் என்று ஆரம்பித்தார். சரிசெய்தார், சரிசெய்தார், மூன்று வருஷம் சரிசெய்துகொண்டே இருந்தார்.

பழைய சொகுசுப் படகு வைத்திருப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி, எதற்கு முகத்தைத் தூக்கும் என்று சொல்லவே முடியாது. கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்புக்குள் ரப்பர் இறக்கை ஒன்று இருக்கிறது. அது கிழிந்தால் எஞ்சின் கொதிக்கும், அந்த அளவு ரப்பர் காரைக்காலிலும் கிடைக்காது நாகப்பட்டினத்திலும் கிடைக்காது. படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு வெளியே போகிற ஓட்டையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும், இறுக்கினால் தண்டு சூடாகும், தளர்த்தினால் படகு குடிக்கும். அடிப்பாகத்தில் மாதா மாதம் சிப்பி ஒட்டும். உப்புக்காற்றில் ஒயரெல்லாம் பச்சை பூத்து, விளக்கைப் போட்டால் ஹாரன் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் மச்சான் கடை கடையாக அலைந்தார், போனில் கொச்சிக்காரர்களிடம் அரைகுறை மலையாளத்தில் கெஞ்சினார், கிடைக்காததை லேத்தில் தானே கடைந்துகொண்டார். கடைசியில் எஞ்சின் அறையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

அக்கா படகில் ஏறினாள், பெருக்குவதற்கு. மெத்தையில் பூத்த பூஞ்சையைத் துடைப்பாள், ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பாள், இறங்கிவிடுவாள். "முகத்துவாரம் வரைக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் கேட்டதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். "சர்டிபிகேட் வரட்டும். மொத ஆளா நீதான்" என்பார். அவருடைய நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போக எந்தச் சர்க்கார் இவரிடம் சீட்டுக் கேட்டது?

இப்போது தேங்காய்க்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் படகின் முன்முனையை அணியம் என்போம். அதுதான் படகுக்குத் தலை. அமாவாசைக்கு அணியத்தைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டி, அங்கேயே தேங்காயை உடைப்போம். ஒரே அடியில் இரண்டாகப் பிளக்க வேண்டும், இல்லையென்றால் மனசு உறுத்தும். விசைப்படகில் அணியம் என்பது தூண் மாதிரி ஒரு மரம். யானை முட்டினாலும் அசையாது. பங்களா போட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. முன்பக்கம் வழவழவென்று வெள்ளைத் தளம்தான். மச்சான் நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பார்த்து அணியமாக வைத்துக்கொண்டார். சான்றிதழ் வருகிறவரைக்கும் அமாவாசை தவறாமல் தேங்காய் வாங்கித் தருவதாக அக்கா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நல்ல முற்றிய காயாகத் தட்டிப் பார்த்து அவளே வாங்கி வருவாள். அவர் கையை ஓங்கி முழுப் பலத்தோடு அடிப்பார். எலுமிச்சை கட்ட ஒரு ஆணியும் அடித்தார். அந்த இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியது. பெயின்ட் வெடிப்பு என்று என் கடையிலிருந்தே வெள்ளைப் பெயின்ட் கொண்டுபோய்ப் பூசினார். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், படகுக்குத் தேங்காய் உடைத்தால் ஆகாது என்று எந்தப் படகுக்காரனுக்குத் தோன்றும்?

ஒரு வழியாக எல்லாம் முடிந்தது என்று மச்சானுக்குத் திருப்தி வந்ததும் சர்வேயர் வந்தார். சுவாமிநாதன் என்று பெயர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எஞ்சின் அறைக்குள் இறங்கியவர் வெளியே வந்து, "இவ்வளவு சுத்தமா ஒரு எஞ்சின் ரூம நான் பாத்ததே இல்லீங்க" என்றார். மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பஞ்சாயத்தில் பின்வரிசையில் கேட்ட சிரிப்பு அன்றைக்குத்தான் அவர் காதிலிருந்து போயிருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு சுவாமிநாதன் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே முன்பக்கம் போனார். டக், டக், டக். நங்கூரத்துக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. தொப், தொப்.

"இந்த எடத்துல என்னங்க பண்ணுனீங்க?"

"அதுதாங்க அணியம். தேங்கா ஒடைக்கிற எடம்" என்றார் மச்சான், பெருமையாக.

சுவாமிநாதன் சுத்தியலைக் கீழே வைத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். "இது உங்க மீன்பிடி போட்டு மாதிரி கெட்டி பைபர் இல்லீங்க. மேல ஒரு தோலு, கீழ ஒரு தோலு. நடுவுல பால்சான்னு ஒரு மரம், தக்கை மாதிரி லேசா இருக்கும். கனம் கொறையணும்னு அப்படிக் கட்டுறாங்க. மேல்தோல்ல விரிசல் விட்டா அது வழியா தண்ணி உள்ள போகும். போனது வெளிய வராது. மரம் அழுகிக்கிட்டே போகும்."

மச்சானிடம் கேட்டுவிட்டு அந்த இடத்தில் சின்ன ஓட்டை போட்டார். பழுப்பாகத் தண்ணீர் வந்தது. ஊறிப் புளித்த புண்ணாக்கு வாடை அடித்தது. மச்சான் குனிந்து அதை உள்ளங்கையால் துடைத்தார். மறுபடி வந்தது, மறுபடி துடைத்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

சுவாமிநாதன் நல்ல மனிதர். காஞ்ச மரம் வருகிறவரைக்கும் வெட்டி எடுங்கள், காயவைத்துப் புது மரம் வைத்துப் பைபர் போடுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் லஞ்சம் கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருப்பான்.

அவர் போனதும் மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள, இது வெளிய போகக் கூடாது."

"எது மச்சான்?"

"தேங்கா விசயம். உங்கக்கா வேண்டிக்கிட்டு வாங்கிக் குடுத்தது. அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. சாமிக்கு ஒடைச்சதால போட்டு கெட்டுச்சுன்னு நானே என் வாயால எப்படிச் சொல்றது?"

"அப்ப ஊர்ல கேட்டா?"

"வாங்கும்போதே உளுத்துருந்துச்சுன்னு சொல்லு. நான் பாக்காம வாங்கிட்டேன்னு சொல்லு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எந்த ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததோ அந்த ஊர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்கத்தானே இத்தனையும் செய்தார்? அதே ஊர் முன்னால் முட்டாள் பட்டத்தை அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஜே.சி.பி. வைத்துப் படகைக் கரையேற்றினோம். மேலே தார்ப்பாய் கட்டி, மச்சான் கட்டர் மிஷினை எடுத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். முதலில் ஒரு முழம் வெட்டினார். ஈரம். இன்னும் ஒரு முழம். அதுவும் ஈரம். பைபர் தூசி உடம்பெல்லாம் ஒட்டி அரிக்கும், ராவெல்லாம் தூங்கவிடாது. அக்கா தண்ணீர் ஊற்றி ஊற்றி அலசிவிடுவாள். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நான் போவேன். அழுகிய மரத்தைப் பிசைந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நாளைக்குக் காஞ்ச மரம் வந்துரும் மாப்ள" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். தளம் முழுக்கப் போயிற்று. ஜன்னல் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றினால் அதற்கடியிலும் ஈரம். முன்பக்கம் மூடி இல்லாத சாப்பாட்டுத் தூக்கு மாதிரி திறந்து கிடந்தது. அது முடிகிற இடத்தில் படகின் இரண்டு பக்கத்தையும் பிடித்து நிறுத்துகிற குறுக்குச் சுவர் இருந்தது. மச்சான் அதில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் சுவாமிநாதன் இரண்டாம் முறை வந்தார். சுவரைப் பார்த்தார், அதிக நேரம் பார்க்கவில்லை.

"இது போயிருச்சுன்னா போட்டே போன மாதிரிதாங்க. இதுல ஆளு ஏத்தலாம்னு நான் கையெழுத்துப் போட்டா அது பாவம். மன்னிச்சுக்கங்க."

"இல்லீங்க, நீங்க சொல்றது சரிதான்" என்றார் மச்சான். ஆபத்தான படகில் ஆளை ஏற்றக் கூடாது என்று ஆயுசெல்லாம் சொன்னவரல்லவா? வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த அமாவாசைக்கு அக்கா பழக்கதோஷத்தில் தேங்காயோடு கரைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். மச்சான் எதிரே போய், "கோயில்லயே ஒடைச்சுட்டு வந்துரு" என்றார். அக்கா வெட்டுப்பட்டுக் கிடந்த அணியத்தைப் பார்த்தாள். கையில் இருந்த தேங்காயைப் பார்த்தாள். என் அக்கா ஒன்றும் முட்டாள் இல்லை. அவரை எதுவும் கேட்காமல் திரும்பி நடந்தாள். அந்தத் தேங்காயைக் கோயிலிலும் உடைக்கவில்லை, குழம்புக்கும் அரைக்கவில்லை. வீட்டு மூலையில் கிடந்து முளைவிட்டது. இன்றுவரைக்கும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்ற செய்தி குணசேகரனுக்குப் போனது. தம்பிக்காரன் நான்கு ஆட்களோடு வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணே, ஏறு. கடலூருக்குப் போவோம். எவன் வித்தான்னு மட்டும் காட்டு, மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்று நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அத்தனை சண்டைக்குப் பிறகும் அண்ணனுக்கு ஒன்று என்றதும் ஓடி வந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வேணாம், விடு" என்றார் மச்சான்.

"ஏமாத்துனவன ஒரு வார்த்தை கேக்கக் கூட மாட்டியா?"

"நான்தான் பாக்காம வாங்குனேன். அவன் மேல தப்பு இல்ல."

குணசேகரன் வேன் கதவை ஓங்கிச் சாத்தினான். "நீ இப்படித்தாண்ணே. கடல்லயும் பாதியில திரும்புவ, இதுலயும் பாதியில திரும்புவ."

உண்மையைக் கக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கெட்டுப்போன பைபர் படகை எவனும் வாங்க மாட்டான், எடைக்குக்கூடப் போகாது. இன்னும் ஆற்றங்கரையில்தான் கிடக்கிறது. மழைக்கு ஆடுகள் அந்த மெத்தையில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. தேறியது எஞ்சின் மட்டும்தான். அடுத்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்கு இறங்கிய வேகத்தில் குணசேகரன் படகின் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணனிடம் நேராகக் கேட்க அவனுக்கு முகமில்லை, என்னிடம் சொல்லி அனுப்பினான். நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மச்சான், "சும்மா கெடந்தா துருப்புடிச்சுரும். கொண்டுபோகச் சொல்லு" என்றார். பஞ்சாயத்தார் சொன்ன விலையைத் தம்பி கொடுத்தான். கியர்பாக்ஸை மாற்றித் தம்பி படகில் அதைப் பூட்டினார்கள்.

அந்த எஞ்சின் வேறு யார் கைக்கும் பணியவில்லை. குணசேகரனின் டிரைவர் அதை லாரி மாதிரி முறுக்கினான். நடுக்கடலில் இரண்டு முறை நின்றுபோய், மற்ற படகுகள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தன. இந்த எஞ்சினை நம்பி யார் ஏறுவது என்று ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். குணசேகரன் அண்ணனைத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டான். மச்சான் போனார், ஆனால் படகில் கால் வைக்கவில்லை. கல் மேடையில் நின்றபடியே, "ஸ்டார்ட் பண்ணு" என்று கத்துவார். காதைச் சாய்த்துக் கேட்பார். "டீசல் வர்ற வழியில காத்து புடிச்சிருக்கு பாரு" என்பார். உள்ளே இருப்பவர்கள் பார்த்தால் அப்படியே இருக்கும். இப்படிக் கொஞ்ச நாள் ஓடியது. ஆனால் கரையில் நின்றுகொண்டு நடுக்கடலில் நிற்கிற எஞ்சினைக் கேட்க முடியாதே.

ஒரு நாள் காலையில் குணசேகரன் வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, டிரைவரா வந்துரு. நீ திருப்புன்னா போட்டு திரும்பும். ஏன்னு நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். எந்த ஆளும் கேக்க மாட்டான்."

இதை, இந்த ஒரு பேச்சை, அவன் அன்றைக்குப் பஞ்சாயத்தில் பேசியிருக்கக் கூடாதா? மனை போயிருக்காது, பைபர் படகு போயிருக்காது, மூன்று வருஷ உழைப்பு போயிருக்காது, ஒரு மனிதன் ராவெல்லாம் அரிப்போடு படுத்திருக்க மாட்டான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அக்கா மீன் விற்கப் போகிற கூடையோடு வாசலில் நின்றாள். படகு படுத்ததிலிருந்து அவள் கூடைதான் அடுப்பை எரித்தது. அவள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மச்சான் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

துறைமுகத்தில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்ன சொல் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. படகிலிருந்து குணசேகரன் கையை நீட்டினான். மச்சான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துத் தானே ஏறி, யாரையும் பார்க்காமல் நேரே எஞ்சின் குழிக்குள் இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் அந்த எஞ்சின் ஒரு நாளும் நிற்கவில்லை. இடையில் இரண்டொரு முறை அவர் படகைத் திருப்பினார், குணசேகரன் வாக்குக் கொடுத்தபடியே ஏன் என்று கேட்கவில்லை. அதில் ஒரு முறை, எஞ்சின் சத்தம் மாறியும் திரும்பாமல் போன வேறொரு படகு பழுதாகி, ஆட்கள் தண்ணீரும் இல்லாமல் தத்தளித்து வந்து சேர்ந்தார்கள். அந்தப் படகில் அறிவுமதி இருந்தான்.

போன வாரம் அறிவுமதி கயிறு வாங்க என் கடைக்கு வந்தான். "குணசேகரன் போட்டுல ஒரு எடம் கெடைக்குமாண்ணே? நீங்க கொஞ்சம் சொல்லுங்க. தர்மலிங்கண்ணே எஞ்சின்ல இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம். இப்ப அதுல ஏற அடிதடியே நடக்குது" என்றான். மச்சானை விட்டு முதலில் ஓடியவன் அவன். அவன் வாயாலேயே இந்த வார்த்தை வந்ததே என்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

மச்சான் கடலிலிருந்து வந்து, கொல்லையில் கையில் படிந்த கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன். அறிவுமதியே கேட்கிறான் மச்சான், உங்களை நம்பித்தான் ஏறுகிறார்களாம், அடிதடி நடக்கிறதாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா மாப்ள" என்றார். "அவன் போட்டுல எல்லாரும் ஏறுறாங்க. நானே ஏறிட்டேன்ல."